துருத்திக்குள் ஒரு ஆள்

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் காது. 'காது இன்னும் வரலையா', 'காதுக்கு உடம்பு சரியில்லையாம்' என்று அங்கே பேசிக்கொள்வதைப் புதிதாக வந்தவர்கள் கேட்டால் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். கணினி விளையாட்டுகள் செய்கிற கம்பெனி அது. படம் வரையப் பத்துப் பேர், நிரல் எழுதப் பன்னிரண்டு பேர், சத்தத்துக்கு மட்டும் ஒரே ஒரு ஆள். விளையாட்டில் நடக்கிற சத்தம், உடைகிற சத்தம், பறக்கிற சத்தம் எல்லாம் அவன் எங்கேயாவது பதிவு செய்து, வெட்டி ஒட்டிக் கொடுப்பது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவன் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு முட்டல் வந்தாள். அதுவும் பட்டப்பெயர்தான். விளையாட்டு வெளியே போவதற்கு முன் அதிலுள்ள பறக்கும் பொறிகளையெல்லாம் ஓட்டி, மலையில் முட்டி, கோபுரத்தில் முட்டி, எங்கே பிசகு இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. நாள் முழுக்கச் சுவரில் முட்டிக்கொள்வதற்கு நம் ஊரில் சும்மாவே ஆள் உண்டு, இவளுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறோம் என்பார் மேலாளர்.

"அண்ணா, துருத்தி பேசுது," என்றாள்.

"என்னது?"

"பேசுதுண்ணா. ஒன்பதாவது நிமிஷத்துல. ஒரு வயசான ஆம்பளைக் குரல். நீங்க வேணும்னே வெச்சதா, இல்ல தானா வந்துச்சா?"

வேறு யாராக இருந்தாலும் என்ன பேசுகிறது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள். அவன் கேட்கவில்லை. "பார்க்கிறேன்," என்றான்.

"பட்டியல்ல போட்டுட்டேன். நாளைக்குக் காலைல விளையாட்டு வெளிய போகுது. அஞ்சு மணிக்குள்ள மாத்தணுமாம்."

அவள் போன பிறகு பட்டியலைத் திறந்தான். முட்டலுக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. மூன்று வரிதான் இருந்தது.

துருத்தி, 9ஆம் நிமிடம்: உள்ளே ஒரு ஆள் பேசுகிறார்.
17ஆம் நிமிடம்: மூச்சு நின்றுவிடுகிறது. பொறி மட்டும் பறக்கிறது.
26ஆம் நிமிடம்: கதவு திறக்கிறது, யாரோ நடந்து வருகிறார்கள், ஒரு கிளிக். பிறகு முதலிலிருந்து.

அவன் மூன்றையும் இரண்டு தடவை படித்தான். நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் மருந்து போட்ட ஈறு மாதிரி, இருக்கிறது என்று தெரிந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நாளாகவே அவன் அப்படித்தான் இருந்தான்.

அந்த விளையாட்டில் உலகம் முழுக்கத் தீவுகள், தீவுகள் முழுக்க மேகத்துக்கு மேலே. ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம் கிடையாது, மந்திரம் கிடையாது. மரத்தாலும் பித்தளையாலும் கித்தானாலும் செய்த பொறியில் ஏறித்தான் போக வேண்டும். மொத்தம் மூன்று பொறி. நான்கு சிறகோடு மிதித்து ஓட்டுவது தும்பி. அதன் சங்கிலிச் சத்தம் அவனுடைய பழைய சைக்கிள். உயரத்திலிருந்து விரித்துக்கொண்டு இறங்குவது குடை. அதன் படபடப்பு மொட்டை மாடியில் காய்ந்த போர்வை. மூன்றாவதுதான் துருத்தி. ஒரு வீடு கொள்ளும் அளவுக்குத் தோல் பை, அடியில் கரி அடுப்பு. பை சூடான காற்றை இழுத்து விரியும்போது மேலே போகும், விட்டுச் சுருங்கும்போது கீழே இறங்கும். விளையாட்டுக்கே அதுதான் ராஜா.

ராஜாவுக்குத்தான் சத்தம் அமையவில்லை. சைக்கிள் பம்பு, காற்றுத் தலையணை, லாரி டயர் என்று ஊரிலுள்ள காற்றையெல்லாம் பிடித்துப் பார்த்தான். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார், திறப்பார். "காத்து வருது. உயிர் வரலையே. இது மூச்சு விடணும்பா, வேலை செய்யக் கூடாது," என்பார். இப்படி மூன்று மாதம் போனது.

அதே மூன்று மாதமாக வீட்டில் அப்பா படுத்திருந்தார்.

அப்பா முப்பத்து நாலு வருஷம் பஸ் கண்டக்டர். வாய் மூடாத மனுஷர். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டாலும் எதிர்வீட்டுக்காரர் எடுத்துக் கொடுப்பார் என்று அக்கா கேலி செய்வாள். அப்படிப்பட்டவரும் அவன் ரெக்கார்டரை எடுத்துவிட்டால் கப்சிப். சத்தம் பிடிப்பவர்களுக்கு ஃபேன்தான் முதல் எதிரி. அது ஓடினால் எல்லாவற்றிலும் ஒரு உறுமல் விழும். அவன் ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றிவிட்டு, சிவப்பு விளக்கு எரியும் ரெக்கார்டரை வைப்பான். அப்பா வியர்த்து வழிய ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். இருமல் வந்தால் துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொள்வார். பதினைந்து வருஷமாக இதுதான் அந்த வீட்டுச் சட்டம். அப்பா ஒரு தடவைகூட மீறவில்லை.

கடைசியில் டாக்டர், இன்னும் நாலைந்து நாள், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். அக்கா மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தாள். செய்தி கேட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அன்று மத்தியானம் அறையில் அவனும் அப்பாவும் மட்டும். அப்பா தூங்குகிற மாதிரி கிடந்தார். மூச்சு மட்டும் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேலே வந்து, ஒரு கணம் நின்று, பெரிய தோல் பை சுருங்குவது போல இறங்கியது.

அவன் காது நிமிர்ந்தது. அதுதான் உண்மை, அதை என்ன சொல்லி மறைக்க? மகன் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தில், தொழில்காரன் எழுந்து ஃபேனை நிறுத்தினான். ஜன்னலைச் சாத்தினான். கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினான். தலையணைப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு ரெக்கார்டரை வைத்தான். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அமைதியான இடத்தில் பதிவு செய்கிறவர்கள் அங்கே நிற்க மாட்டார்கள். நின்றால் தங்கள் மூச்சும் அதில் விழுந்துவிடும். அவன் மாடிப்படியில் உட்கார்ந்து, கீழே ஒருவர் கார் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதுமான அளவு கிடைத்திருக்கும் என்று தோன்றியபோது திரும்பி வந்தான்.

அறைக்குள் சத்தமே இல்லை. அவன் முதலில் ரெக்கார்டரை நிறுத்தினான். அப்புறம்தான் அப்பாவின் கையைத் தொட்டான்.

அக்கா வந்ததும் வாசலிலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பக்கத்துல இருந்தியாடா? ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"கையைப் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன்க்கா. தூக்கத்துலயே போயிட்டாரு."

நாக்கு தானாகச் சொன்ன பொய். சொன்னவன் அதோடு மறந்திருப்பான், கேட்டவள் விடவில்லை. துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேரிடமும், தம்பி கையைப் பிடித்தபடியே போனார், கொடுத்து வைத்தவர் என்று அக்கா சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அவளே சோறும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் வேலைக்குத் திரும்பினான். பதிவின் முதல் நாற்பது விநாடியை வெட்டி, முன்னும் பின்னும் ஒட்டித் திரும்பத் திரும்ப ஓடும்படி செய்தான். மேலாளர் கண்ணை மூடிக் கேட்டார். திறக்கவே இல்லை. "உயிர் வந்துடுச்சுப்பா," என்றார். எதிலிருந்து எடுத்தாய் என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விளையாட்டுக்குள் சேர்க்கும்போது வெட்டியதற்குப் பதிலாக வெட்டாத முழுப் பதிவைச் சேர்த்திருக்கிறான் என்பது இப்போதுதான் தெரிகிறது. துருத்திக்குக் கரி நாலு நிமிஷத்துக்குத்தான் வரும், அதனால் யாரும் ஒன்பதாவது நிமிஷத்துக்குப் போனதில்லை. முட்டல் மட்டும் கரி தீராதபடி வைத்துக்கொண்டு ஓட்டுகிறவள்.

முழுப் பதிவை அவனும் கேட்டதில்லை. நேரமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

இதில் இன்னொன்றும் இருந்தது. போன வாரம் அக்கா போன் செய்திருந்தாள். "டேய், அப்பா குரல் ஏதாவது உங்கிட்ட இருக்கா? எனக்கு மறந்துடும்போல இருக்குடா. முகம் போட்டோல இருக்கு. குரல் எங்க இருக்கு?" என்றாள். பிறகு அவளே, "தெருவுல போற லாரியெல்லாம் பிடிச்சு வெச்சிருக்க. அப்பா இல்லாமலா இருப்பாரு?" என்றாள்.

அவன் அன்று பெட்டி பெட்டியாகத் தேடினான். ஒன்பதாயிரம் சத்தம் இருந்தது. வீட்டில் பதிவு செய்ததே ஆயிரத்துக்கு மேல். கதவு இருந்தது, குழாய் இருந்தது, பக்கத்து வீட்டுப் பூனை இருந்தது. ஒன்றில்கூட அப்பா இல்லை. சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்தான் பேச மாட்டாரே. "இல்லக்கா," என்று சொல்லிவிட்டான். அக்கா, "சரி விடு," என்றாள்.

இப்போது துருத்திக்குள் ஒரு ஆள் பேசுகிறார்.

அவன் எழுந்து முட்டலின் மேசைக்குப் போனான். பதிவை நேராகத் திறந்து ஒன்பதாவது நிமிஷத்தைத் தட்டினால் முடிகிற வேலை. ஏனோ கை போகவில்லை. "ஓட்டிக் காட்டு," என்றான். அவள் ஹெட்போனை அவனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.

துருத்தி கரையை விட்டுக் கிளம்பியது. பை விரிந்தது, சுருங்கியது. அப்பா மூச்சு விட்டார். மேகம் கீழே போனது, தீவுகள் சின்னச் சின்னப் பச்சைத் திட்டாயின. பொறியின் பித்தளைக் கம்பிகளில் வெயில் பட்டது. அதை வரைந்த பையன் நன்றாகத்தான் வரைந்திருந்தான் என்று நினைத்துக்கொண்டான். முட்டல் மலையில் முட்டாமல் ஓட்டினாள். ஐந்து, ஆறு, ஏழு நிமிஷம்.

ஒன்பதாவதில் துணி உரசியது. ஒரு இருமல். பிறகு, முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் கத்திய குரலில் மிச்சமிருந்த கொஞ்சம்:

"தம்பி... ஃபேனைப் போடுப்பா. வேர்க்குது."

பை விரிந்தது, சுருங்கியது.

"தம்பி?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தலையணையில் தலை திரும்புகிற சத்தம். அந்தப் பக்கம்தான் ஸ்டூல் இருந்தது. பிறகு குரல் சட்டென்று தணிந்தது.

"ஓ... ரெக்கார்டு ஓடுதா? சரி, சரி. நான் பேசல."

அவ்வளவுதான். அதற்கப்புறம் மூச்சு. அதுவும் முன்பு போல இல்லை. காது என்று பெயர் வாங்கியவனுக்கு அது தெரியாமல் போகுமா? அடிவயிற்றிலிருந்து வந்த பெருமூச்சு பாதியாகக் குறைந்திருந்தது. அப்பா அடக்கி அடக்கி விட்டுக்கொண்டிருந்தார். மகன் பிடிக்க வந்த சத்தமே அதுதான் என்று அவருக்குத் தெரியாது. வேறு ஏதோ முக்கியமான சத்தம் பதிவாகிறது, தன் மூச்சு அதைக் கெடுத்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். எட்டு நிமிஷம் அப்படியே விட்டார். பதினேழாவது நிமிஷத்தில் அதுவும் நின்றது. பை மட்டும் சத்தமில்லாமல் விரிந்து சுருங்கிக்கொண்டு துருத்தி மேகத்துக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றவில்லை. இருபத்தாறாவது நிமிஷத்தில் கதவு திறந்தது. செருப்புச் சத்தம் நாலு அடி. கிளிக்.

"யாருண்ணா அது?" என்றாள் முட்டல்.

"எங்கப்பா."

அவள் துருத்தியை நிறுத்தினாள். "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றான். தன் அறைக்குப் போய், முழுப் பதிவை எடுத்துவிட்டு நாற்பது விநாடித் துண்டை வைத்தான். ஐந்து நிமிஷ வேலை. பட்டியலில் மூன்று வரிக்கும் எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினான். அப்போதும் அழுகை வரவில்லை. வருமோ என்று கதவைத் தாழிட்டுக்கூடப் பார்த்தான்.

அக்காவுக்குப் போன் செய்து, "அப்பா குரல் கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை வா," என்றான்.

"எங்கடா கிடைச்சுது?"

"வா, சொல்றேன்."

வெள்ளிக்கிழமை விளையாட்டு வெளியே போனது. துருத்தி நிஜமாகவே மூச்சு விடுகிறது என்று ஆடியவர்கள் எழுதினார்கள். மேலாளர் அதைப் படித்துக் காட்டி அவன் முதுகில் தட்டினார். அவன் தலையை ஆட்டினான்.

சனிக்கிழமை முழுக்க அந்தப் பதிவின் முன்னால் உட்கார்ந்திருந்தான். வெட்டுவதுதானே அவன் தொழில்? ஃபேன் கேட்டதை வெட்டலாம். 'தம்பி' என்று கேள்வியாகக் கூப்பிட்டதை வெட்டலாம். ரெக்கார்டு ஓடுதா என்றதை வெட்டலாம், செருப்புச் சத்தத்தை வெட்டலாம். கடைசியில் 'சரி, சரி' மட்டும் நிற்கும்; அப்பா சிரித்தபடி எதற்கோ சம்மதிக்கிற மாதிரி இருக்கும். வருஷக்கணக்கில் வைத்துக் கேட்கலாம். அக்காவிடம் இருக்கிற அப்பா தம்பி கையைப் பிடித்தபடியே இருப்பார். திரையில் இருந்த கத்தரிக்கோல் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தான். வெட்டவில்லை. நல்லவனாகிவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்பாவை இன்னொரு தடவை பேசாதே என்று சொல்ல அவனால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல், "எங்க?" என்றாள்.

அப்பாவின் அறையைத் திறந்தான். அன்றைக்குப் பிறகு யாரும் அதில் புழங்கவில்லை. ஜன்னல் சாத்தியபடி இருந்தது. கடிகாரம் இரண்டே முக்காலில் நின்றிருந்தது, பேட்டரி அதன் அடியில் மேசைமேல் கிடந்தது. அக்காவைக் கட்டிலில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டான்.

"இருபத்தாறு நிமிஷம்க்கா. முழுசா கேளு."

"நீ எங்க போற?"

"எங்கயும் போகல," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தான்.

அறை வெந்தது. அக்காவின் நெற்றியில் வியர்வை அரும்பி மூக்கில் இறங்கியது, அவள் துடைக்கவில்லை. ஒன்பதாவது நிமிஷத்தில் அவள் கை வாய்க்குப் போனது. அப்புறம் நெடுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பதினேழில் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். இருபத்தாறில் அவள் தலை தானாகக் கதவுப் பக்கம் திரும்பியது. அங்கே யாருமில்லை.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"நடந்து வர்றது நீதானே?"

"ஆமா."

"எங்க இருந்த?"

"மாடிப்படியில."

"எதுக்கு?"

"என் மூச்சு அதுல விழுந்துடும்னு."

அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா ஹெட்போன் வயரை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேடா, நீ கையைப் பிடிச்சிட்டிருந்தேன்னு."

"தெரியும்."

"எதுக்கு எடுத்த இதை?"

"விளையாட்டுல ஒரு பறக்கிற பொறி. அதுக்கு மூச்சு தேவைப்பட்டுச்சு."

அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"பறக்குதா?"

"பறக்குது."

அவள் தலையை ஆட்டினாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல அந்த அறையில் ஓடுகிற கடிகாரம் இல்லை. பிறகு அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"ஃபேனைப் போடு. வேர்க்குது."

அவன் எழுந்தான். சுவிட்சுக்கு நாலு அடிதான் இருந்தது. அதைப் போட்டுவிட்டு, கையை எடுக்காமல், சுவரைப் பார்த்தபடி நின்றான். மேலே இறக்கைகள் ஒரு தடவை முனகி, நாற்பது நாள் தூசியை உதிர்த்து, மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தன. அவன் தோள் குலுங்குவதை அக்காதான் முதலில் பார்த்தாள்.